டேப்லட் வாங்குமுன்



தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த நம்மில் பலருக்கு முதல் எழுத்து சிலேட்டில்தான் தொடங்கியது. ஒரு கல் பலகை, அதைச் சுற்றி மரச் சட்டம், கையில் ஒரு குச்சி. எழுதியதை எச்சில் தொட்டு அழித்தால் ஆசிரியர் காதைத் திருகுவார். அந்தச் சிலேட்டு போய் நோட்டுப் புத்தகம் வந்தது. பிறகு கணினி வந்தது. இப்போது மறுபடியும் ஒரு சிலேட்டு நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அதைத்தான் டேப்லட் என்கிறோம். பலகைக் கணினி என்றும் சொல்வதுண்டு.

கைத்தொலைபேசியைவிடப் பெரியது, மடிக்கணினியைவிடச் சிறியது. விரலால் தொட்டாலே வேலை செய்யும் கண்ணாடிப் பலகை இது. இதற்கு முன்பும் இத்தகைய கருவிகள் இருந்தன என்றாலும், 2010-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபேட் என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகுதான் உலகெங்கும் மக்கள் இதை வாங்கத் தொடங்கினார்கள். சாம்சுங், லெனோவோ, சியாவ்மி போன்ற நிறுவனங்கள் ஆண்ட்ராய்டு முறையில் இயங்கும் டேப்லட்டுகளைச் செய்து விற்கின்றன. நம் நாட்டிலும் 2021-இல் செர்டிக் திட்டத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், 2022-இல் பெராந்தி சிஸ்வா திட்டத்தின் வழியாக உயர்கல்வி மாணவர்களுக்கும் இத்தகைய கருவிகள் வழங்கப்பட்டன. ஆகவே, இது பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருள் என்ற காலம் மலையேறிவிட்டது.

ஆனால், கடைக்குப் போய் நின்றால் தலை சுற்றுகிறது. ஒன்று 400 வெள்ளி, பக்கத்தில் இருப்பது 4,000 வெள்ளி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. எதை வாங்குவது? வீட்டு வேலைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் ஒருசேரப் பயன்படும் டேப்லட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம்.

2021-ஆம் ஆண்டில் கோவிட் நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடியிருந்த மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மகள் அப்போது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக் கொண்டிருந்தது. பாடங்கள் எல்லாம் இணையத்தில். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போகும் தகப்பனின் சட்டைப் பையில் இருந்தது. அவர் வேலை முடிந்து வரும்போது வகுப்பும் முடிந்திருக்கும்.

பிள்ளையின் நிலையைப் பார்த்து மனம் பொறுக்காமல், கையில் இருந்த 350 வெள்ளியைக் கொண்டுபோய்ச் சாலையோரத் தற்காலிகக் கடை ஒன்றில் ஒரு டேப்லட்டை வாங்கி வந்தோம். பெட்டியின் மேல் பத்து அங்குலத் திரை என்று போட்டிருந்தது, 128 ஜிபி என்று போட்டிருந்தது, தங்க நிறத்தில் நட்சத்திரமெல்லாம் போட்டிருந்தது. வீட்டில் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. உள்ளே இருந்த இயங்கு முறை பல ஆண்டுகளுக்கு முந்தியது. ஆசிரியர் வகுப்பு நடத்திய செயலியை அதில் இறக்க முடியவில்லை. 128 என்று எழுதியிருந்த இடத்தில் உண்மையில் இருந்தது அதில் ஒரு சிறு பகுதிதான். மறுவாரம் அதே இடத்துக்குப் போனோம். கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ரசீதா? கேட்டு வாங்கவே இல்லை.

மூன்று வாரம் எங்கள் மகள் வகுப்புக்கு வரவில்லை என்று பதிவானது. அடுத்த லயத்துத் தோழியின் நோட்டை வாங்கி, இரவில் உட்கார்ந்து பார்த்து எழுதினாள். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் குறை சொல்லாததுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

மலிவு என்று நினைத்து வாங்கியதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விட விலை உயர்ந்த பொருளாகப் போனது. அந்தப் பாடம் உங்களுக்கு 350 வெள்ளி செலவில்லாமல் கிடைக்கட்டும் என்பதே எங்கள் ஆசை.

சரி, எங்கே தொடங்குவது? செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்வோருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இளமரத்தில் குலை தாழ்வாக இருக்கும்போது உளியால் குத்தி இறக்குகிறோம். மரம் வளர்ந்து உயரே போன பிறகு, நீளக் கம்பில் பொருத்திய அரிவாளை எடுக்கிறோம். உளி நல்லதா, அரிவாள் நல்லதா என்று எவராவது கேட்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். மரம் எவ்வளவு உயரம் என்று திருப்பிக் கேட்போம். டேப்லட்டும் அப்படித்தான். எது சிறந்த டேப்லட் என்று கேட்பதைவிட, நமக்கு அது செய்ய வேண்டிய வேலை என்ன என்று கேட்பதே முறை.

ஆகவே, கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு வீட்டிலேயே பதில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, யார் பயன்படுத்தப் போகிறார்கள்? இரண்டு, எங்கே வைத்துப் பயன்படுத்தப் போகிறார்கள்? மூன்று, எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், கடைக்காரர் சொல்லும் நூறு சொற்களில் நமக்குத் தேவையான பத்துச் சொற்கள் எவை என்று தெரிந்துவிடும்.

முதலில் அளவைப் பார்ப்போம். திரையின் அளவை மூலைக்கு மூலை, குறுக்காக அளந்து அங்குலத்தில் சொல்வார்கள். எட்டு அங்குலத்தை ஒரு கையிலேயே பிடிக்கலாம். எடை பெரும்பாலும் 300 முதல் 350 கிராம் வரை இருக்கும். பேருந்தில் உட்கார்ந்து படிப்பதற்கும், கைப்பையில் போட்டுக்கொண்டு போவதற்கும் இது வசதி. பத்து, பதினோர் அங்குலம் என்றால் ஏறக்குறைய அரைக் கிலோ. பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை முழுதாகக் காட்டக் கூடியது இதுதான். அதற்கும் மேலே போனால் திரை அகலம் கிடைக்கும், ஆனால் பையும் கனக்கும், விலையும் கனக்கும். அவ்வப்போது ஊருக்குப் போய் வருவதும், மற்ற நாளில் வீட்டில் பிள்ளைகள் படிப்பதும் என்றால், பத்து அல்லது பதினோர் அங்குலமே நடுவாந்தரமான வழி. வயதான பெற்றோருக்காக வாங்குகிறோம் என்றாலும் இந்த அளவே நல்லது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், பேரப் பிள்ளைகளின் முகத்தையும் தெளிவாகப் பார்க்கலாம்.

அடுத்தது, வெளியே தெரியாத உள் விஷயம். எங்களை ஏமாற்றியது இதுதான். டேப்லட் எந்த இயங்கு முறையில் ஓடுகிறது, அதன் பதிப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது, இன்னும் எத்தனை ஆண்டுக்கு நிறுவனம் புதுப்பித்துக் கொடுக்கும் என்று கட்டாயம் கேட்க வேண்டும். புதுப்பித்தல் என்பது தோட்டத்தில் களை எடுப்பது போன்றது. களை எடுப்பது நின்றுபோனால் மரம் அன்றைக்கே சாய்ந்துவிடாது; ஆனால் காடு மண்டிவிடும். புதுப்பித்தல் நின்றுபோன டேப்லட்டில் முதலில் வங்கிச் செயலி வேலை செய்ய மறுக்கும், பிறகு வகுப்புச் செயலி, பிறகு ஒவ்வொன்றாக. திருடர் நுழையவும் வழி உண்டாகும். நான்கு ஆண்டு உழைக்க வேண்டிய பொருளுக்குக் குறைந்தது நான்கு ஆண்டுப் புதுப்பித்தலாவது மீதம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2019-க்குப் பின் வெளிவந்த ஹுவாவே டேப்லட்டுகளில் கூகள் நிறுவனத்தின் சேவைகள் உள்ளடங்கி வருவதில்லை. கருவி நன்றாகவே இருக்கலாம். ஆனால், பிள்ளையின் பள்ளி கூகள் வகுப்பறையைப் பயன்படுத்துகிறது என்றால், அது இதில் ஒழுங்காக நடக்குமா என்பதைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

சேமிப்பு இடத்தைப் பற்றிப் பார்ப்போம். 32 ஜிபி என்றால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. காரணம், இயங்கு முறையே அதில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்கிறது. மீதியில் நான்கு செயலிகளை இறக்கினால் நிரம்பிவிடும். 64 ஜிபி குறைந்த அளவு. 128 ஜிபி இருந்தால் நிம்மதி. மெமரி கார்டு போடும் துளை இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு டேப்லட்டுகள் பலவற்றில் இந்தத் துளை இருக்கிறது, ஐபேடில் இல்லை. ஆகவே ஐபேட் வாங்குவோர் தேவையான அளவைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். சேமிப்பு இடம் வேறு, ராம் என்று சொல்கிறார்களே, அது வேறு. சேமிப்பு என்பது அலமாரி. ராம் என்பது வேலை செய்யும் மேசை. மேசை சிறிதாக இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது. ஆண்ட்ராய்டு டேப்லட்டில் ராம் 4 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

இனி, தோட்டப்புறத்தில் இருப்போர் அதிகமாகக் கவனிக்க வேண்டிய விஷயம், இணையத் தொடர்பு. சில டேப்லட்டுகள் வைஃபையில் மட்டும் ஓடும். சிலவற்றில் சிம் கார்டும் போடலாம். அவற்றுக்கு விலை கூடுதல். எது நமக்கு வேண்டும்?

வீட்டில் ஏற்கெனவே நல்ல கைத்தொலைபேசி ஒன்று எந்நேரமும் இருக்கிறது என்றால், அதிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு டேப்லட்டுக்கு இணையம் கொடுக்கலாம். வைஃபை டேப்லட்டே போதும். ஆனால் எங்கள் வீட்டைப் போல, தொலைபேசி வேலைக்குப் போகும், டேப்லட் வீட்டில் இருக்கும் என்றால், சிம் போடும் வகையே பயன்படும். பயணத்திலும் அப்படித்தான். மேலும், வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கருவி இல்லை. வழி பார்த்துக்கொண்டு போக அதையே நம்பியிருக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய டேப்லட்டை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 3ஜி வரை மட்டுமே எட்டும் பழைய டேப்லட்டில் சிம் போடத் துளை இருந்தாலும் இணையம் வராது. 4ஜி அல்லது 5ஜி என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதோடு, உங்கள் லயத்தில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கிறது என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுச் சிம் வாங்குங்கள். பட்டணத்துக் கடையில் வேகமாக ஓடுவது, குன்றுக்குப் பின்னால் இருக்கும் நம் வீட்டில் ஓடும் என்று சொல்ல முடியாது.

அலை குறைவான இடத்தில் இருப்போருக்கு ஒரு வழி உண்டு. நூலகத்திலோ பட்டணத்து உறவினர் வீட்டிலோ வைஃபை கிடைக்கும்போது பாடக் காணொளிகளையும், பழைய தேர்வுத் தாள்களையும், ஊர் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரக் காணொளிக்குத் தரத்தைப் பொறுத்து அரை ஜிபி முதல் ஒன்றரை ஜிபி வரை இடம் பிடிக்கும். சேமிப்பு இடம் தாராளமாக இருக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

பயணம் என்றதும் பேட்டரியைப் பற்றிப் பேச வேண்டும். வாங்கும் டேப்லட்டில் சார்ஜ் போடும் துளை யுஎஸ்பி-சி வகையாக இருக்கட்டும். அப்போது தொலைபேசிக்கும் டேப்லட்டுக்கும் ஒரே கம்பி போதும். தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. நம் நாட்டில் சதுர முனையுள்ள மூன்று கால் பிளக். அங்கே பொதுவாக உருண்டை முனைப் பிளக். மாற்றுப் பிளக் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் அங்கே அலைய வேண்டியதில்லை.

பவர் பேங்க் என்னும் கூடுதல் மின்சாரப் பெட்டியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது. பொதுவாக 100 வாட்-மணி வரை அனுமதி உண்டு. 20,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணி. ஆகவே கொண்டு போகலாம். ஆனால், 2025 ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகியவற்றின் விமானங்களில் பறக்கும் நேரத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்தி எதற்கும் சார்ஜ் போடக்கூடாது என்ற விதி நடப்புக்கு வந்தது. எனவே புறப்படும் முந்திய இரவே டேப்லட்டை முழுமையாகச் சார்ஜ் செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? டேப்லட்டோடு ஒரு நல்ல உறையும் திரைக் கண்ணாடியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சிமெண்டுத் தரையில் மூலை பட விழுந்தால் திரை மாற்றும் செலவு, சில வேளை டேப்லட்டின் பாதி விலையைத் தொட்டுவிடும்.

பெற்றோர் பலர் கேட்கும் ஒரு கேள்வி: பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு மடிக்கணினிக்குப் பதிலாக டேப்லட் போதுமா? படிப்பதற்கும், குறிப்பெடுப்பதற்கும், விரிவுரை கேட்பதற்கும் போதும். நீண்ட கட்டுரை எழுதவும், கணக்குப் பட்டியல் போடவும், பொறியியல், கணினித் துறைகளுக்கான மென்பொருளை ஓட்டவும் மடிக்கணினியே ஏற்றது. தனியாக விசைப்பலகை வாங்கி டேப்லட்டோடு இணைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் நல்ல டேப்லட், விசைப்பலகை, பேனா என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சில வேளை ஒரு சாதாரண மடிக்கணினியின் விலையே வந்துவிடும். பிள்ளை எந்தத் துறையில் சேர்கிறது என்று தெரிந்துகொண்டு, சேரும் இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குவதே நல்லது. ஆசையில் முந்திக்கொள்ள வேண்டாம்.

தமிழில் எழுத முடியுமா என்று பாட்டிமார் கேட்பதுண்டு. தாராளமாக முடியும். இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. 1985-இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன். கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்பும் செல்லினமும் அவர் தந்ததே. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் தமிழ் விசைப்பலகை கிடைக்கிறது. கடையிலேயே அதைத் திறக்கச் சொல்லி, உங்கள் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். பொருளின் விலையை வெள்ளியில் மட்டும் பார்க்காமல், நாள் கணக்கிலும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளாகப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. 850 வெள்ளி டேப்லட் என்றால் 13 நாள் உழைப்பு. 13 நாள் வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதித்ததை ஒரு பலகைக்காகக் கொடுக்கிறோம். அது வீட்டுக்கு அவ்வளவு பயன் தருமா? தரும் என்று மனம் துணிந்தால் தயங்காமல் வாங்கலாம்.

தவணைத் திட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். ரொக்கமாகக் கொடுத்தால் 1,299 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தவணையில் மாதம் 79 வெள்ளிதான் என்கிறார்கள். சின்னத் தொகை போலத்தான் தோன்றும். 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 1,896 வெள்ளி. கூடுதலாகக் கொடுப்பது 597 வெள்ளி. அதாவது ஒன்பது நாள் சம்பளத்துக்கும் மேல். இந்த 79 வெள்ளிக்குள் இணையக் கட்டணமும் அடங்குமா? இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு? ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் கேட்டு, எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கடையில் செய்ய வேண்டியவை சில உண்டு. பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். அமைப்புப் பகுதிக்குள் போய், இயங்கு முறையின் பதிப்பையும், சேமிப்பு இடத்தையும் நேரில் பாருங்கள். பெட்டியின் மேல் அச்சடித்ததை நம்ப வேண்டாம். பிள்ளையின் பள்ளிச் செயலியை அங்கேயே இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஒளிப்படக் கருவி, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி மூன்றையும் சோதியுங்கள். சிரிம் சான்றுக்குரிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையின் பெயரும் முகவரியும் உள்ள ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், பழுது பார்க்கும் இடம் எங்கே என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பழையதை வாங்குவோர் இன்னொன்றும் செய்ய வேண்டும். முந்திய உரிமையாளர் தம்முடைய கணக்கை முழுமையாக நீக்கிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். நீக்காவிட்டால், ஒரு நாள் அது பூட்டிக்கொண்டு, நமக்கு அது வெறும் கண்ணாடியாகிவிடும்.

அப்படியும் ஏமாற்றம் நேர்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் அமைக்கப்பட்டிருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டியதில்லை, நாமே போய் நம் குறையைச் சொல்லலாம். ஆனால், கையில் ரசீது வேண்டும். எங்களிடம் அது இல்லாமல் போனதால், யாரிடமும் போக முடியாமல் நின்றோம்.

வாங்கி வந்த பிறகும் கடமை இருக்கிறது. முதல் வேலையாகத் திரைக்கு எண் பூட்டுப் போடுங்கள். தொலைந்தால் கண்டுபிடிக்கும் வசதியைத் திறந்து வையுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் செயலியை எக்காரணம் கொண்டும் இறக்க வேண்டாம். அப்படி இறக்கியதால் வங்கிச் சேமிப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த மறுகணமே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால், யாருக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். படிப்புக்கு வாங்கியது விளையாட்டுக்குப் போய்விடாமல் இருக்க இது உதவும். இரவு சாப்பாட்டு நேரத்தில் டேப்லட்டும் ஓய்வெடுக்கட்டும்.

நேயர்களே, எங்கள் மகளின் கதையை முடிக்காமல் போகக்கூடாது. ஏமாந்த அந்த ஆண்டில், பிறகு ஆசிரியர் ஒருவர் தம் பழைய மடிக்கணினியைக் கொடுத்து உதவினார். அவள் தேர்வெழுதினாள், ஆறாம் படிவம் போனாள், 2024-இல் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இந்தத் தடவை நாங்கள் அவசரப்படவில்லை. மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யாருக்கு, எங்கே, எத்தனை ஆண்டு என்று எழுதினோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். சிம் போடக்கூடிய, பதினோர் அங்குல டேப்லட் ஒன்றை, நடுத்தர விலையில், ரசீதோடு வாங்கினோம். கட்டுரை எழுத அந்த ஆசிரியர் கொடுத்த மடிக்கணினியே போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஊருக்குப் போய்வரும் நீண்ட பேருந்துப் பயணத்தில் அவள் படிப்பது அந்த டேப்லட்டில்தான். விடுமுறைக்கு வந்தால் அது பாட்டியின் கைக்குப் போய்விடுகிறது.

முதலில் வாங்கிய 350 வெள்ளி டேப்லட் இன்னும் எங்கள் அலமாரியில் கிடக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை. விலை விசாரிக்க வரும் உறவினருக்கு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறோம்.

ஆகவே, இந்த மாதம் உங்கள் வீட்டிலும் டேப்லட் வாங்கும் பேச்சு நடக்கிறது என்றால், இன்றிரவே ஒரு தாளை எடுத்து அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். எழுதும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மரத்தின் உயரம் தெரிந்தவன் கையில் எடுக்கும் கருவி தவறாது.